ஒரே ஆசனத்தில் எழுவர்

தருமபுரி மாவட்டத்தில் மழைக்குப் பஞ்சம் வருவதுண்டு. வேலைக்குப் பஞ்சம் என்றும் உண்டு. கல்லுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. தகடூர் என்று பழைய நாளில் பெயர் பெற்றிருந்த இந்தச் சீமையில், ஆநிரை மீட்கும் போரில் வீழ்ந்த மறவனுக்கு நட்ட நடுகற்கள் காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் நிற்கின்றன. அந்தக் கற்களுக்கு முன்னே மந்திரம் ஓத ஒருவன் தேவைப்படவில்லை. மாண்டவன் ஒரு மனிதன். அவன் செய்த செயல் இன்னது. அதை மறவாதீர் – கல் சொன்னது அவ்வளவே. பின்னாளில் வந்த கற்கள் வேறு மொழி பேசின. தொட்டால் தீட்டு என்றன. எட்ட நில் என்றன. உன் பிறப்பு என்ன என்று கேட்டன. கல்லை வணங்கக் கற்றோம். கல்லை வினவக் கற்கவில்லை!

அரூர் வட்டத்திலே தீர்த்தமலை இருக்கிறது. மலைமீது விழும் நீரில் குளித்தால் நோய் நீங்கும், வினை தீரும் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறுகிறார்கள். ஏறுகிறவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்தது; மலை எட்டும் தொலைவில் இருந்தது; ஏழை ஏறினான். நமது கேள்வி வேறு. அதே அரூர்ச் சீமையில், ஊத்தங்கரை நோக்கி நீளும் பாறைப் பட்டையில், வெங்கச்சங்கல் கோடுகளுக்கிடையே சாம்பல் நிறத்தில் பளபளக்கும் ஒரு கனிமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் மாலிப்டினைட். அதில் அடங்கியிருக்கும் உலோகம் மாலிப்டினம். அந்த உலோகத்தின் ஓர் அணு வகை, உலகெங்கும் மனிதனின் எலும்புக்குள்ளும் இதயத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும் நோயைக் காட்டிக் கொடுக்க உதவியிருக்கிறது. நீரில் நோய் தீரும் என்ற கதை ஊருக்கெல்லாம் தெரியும். கல்லில் இருக்கும் இந்த வரலாறு எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

வரலாறு ஒரு தவறான பெயரிலிருந்து தொடங்குகிறது. மொலிப்டோஸ் என்றால் கிரேக்க மொழியில் ஈயம். மென்மையாக இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது, தாளில் கோடு விழுகிறது. ஆகவே இது ஈயத்தின் இனம் என்று பழைய உலகம் முடிவு கட்டிவிட்டது. பென்சிலுக்குள் இருக்கும் கரியையும் அப்படியே ஈயம் என்றார்கள். ஐரோப்பியனை நாம் நகைக்க வேண்டியதில்லை. நாமும் அந்தக் கரியைக் காரீயம் என்றுதான் அழைத்து வருகிறோம்! ஈயம், கரி, மாலிப்டினைட் – மூன்றும் வெவ்வேறு பொருள்கள். தோற்றம் ஒன்றாக இருந்ததால் மூன்றுக்கும் ஒரே முத்திரை. பெயர் சொன்னதை உலகம் நம்பியது. பொருள் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவன் ஒரு மருந்துக் கடைக்காரன். கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்பது அவன் பெயர். சுவீடன் நாட்டில் வாழ்ந்தவன். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவன். பதினான்காம் வயதில் மருந்துக் கடையில் வேலை பழகப் போனவன். 1778ஆம் ஆண்டு அவன் மாலிப்டினைட்டை அமிலத்தில் இட்டுச் சோதித்தான். வெண்மையான தூள் ஒன்று கிடைத்தது. ஈயம் இப்படிச் செய்யாது. கரியும் இப்படிச் செய்யாது. ஆகவே இது இரண்டுமல்ல, புதிய பொருள் என்று அறிவித்தான். அவன் தூண்டுதலால் அவன் நண்பன் ஹெல்ம் 1781இல் அந்தத் தூளிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்தான். ஆயிரம் ஆண்டுப் பெயரை ஒரு குவளை அமிலம் அழித்துவிட்டது! பெரியோர் சொன்னார்கள், முன்னோர் சொன்னார்கள் என்று அந்தக் கடைக்காரன் கைகட்டி நின்றிருந்தால், மாலிப்டினம் இன்னும் ஈயத்தின் ஏழை உறவினனாகவே இருந்திருக்கும்.

மாலிப்டினம் தனிமம் என்பது தெரிந்தது. ஆனால் தனிமம் என்றால் என்ன? ஒரே எடையுள்ள, ஒரே தன்மையுள்ள அணுக்களின் கூட்டம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நம்பியிருந்தது. இருபதாம் நூற்றாண்டு அந்த நம்பிக்கையை உடைத்தது. பிரெடரிக் சாடி என்ற பிரிட்டிஷ் வேதியியலர், கதிரியக்கப் பொருள்களை ஆராய்ந்தபோது ஒரு விந்தையைக் கண்டார். எடையால் வேறுபட்ட அணுக்கள் சில, வேதியியல் நடத்தையில் சிறிதும் வேறுபடவில்லை. எந்த அமிலத்தைக் கொண்டும் அவற்றைப் பிரிக்க இயலவில்லை. தனிம அட்டவணையில் அவற்றைத் தனித்தனி இடத்தில் உட்கார வைக்கவும் வழியில்லை. எல்லாம் ஒரே இடத்துக்கு உரியவை.

இதற்கு என்ன பெயர் வைப்பது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு விருந்தில் சாடி இதை விளக்கியபோது, அங்கிருந்த பெண் மருத்துவர் ஒருவர் கிரேக்கச் சொல்லொன்றைத் தொடுத்துக் கொடுத்தார். ஐசோ என்றால் ஒரே. டோபோஸ் என்றால் இடம். ஐசோடோப் – ஒரே இடத்தவை! அந்தப் பெண்மணி மார்கரெட் டாட். 1913இல் சாடி அந்தச் சொல்லை அச்சேற்றினார். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு சாடிக்குக் கிடைத்தது. சொல்லைத் தந்தவரின் பெயர் பாடப் புத்தகங்களின் ஓரத்தில்கூட அரிதாகவே காணப்படுகிறது.

பெண்கள் மருத்துவம் படிப்பதே பெரும் போராட்டமாக இருந்த காலம் அது. டாட் அந்தச் சொல்லைத் தந்த காலத்துக்குச் சற்று முன்னர், 1912இல், நமது சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்று வெளிவந்தார் முத்துலட்சுமி ரெட்டி. எந்தக் குலத்துப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விட்டது சனாதனம், அந்தக் குலத்துத் தாயின் மகள் அவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1947இல் அதற்குச் சட்டம் வந்ததைக் கண்டார். 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். பரவிய புற்று எலும்பில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டும் கருவிக்கு உணவளிப்பது, டாட் பெயர் சூட்டிய அந்த ஐசோடோப் குடும்பத்தின் ஒரு பிள்ளை. இரு பெண்மணிகள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் இருவரையும் தடுத்து நின்ற சுவர் ஒன்றே.

இனி மாலிப்டினத்தின் குடும்பத்தைப் பார்ப்போம். அதன் அணுக்கருவில் 42 புரோட்டான்கள் இருக்கின்றன. 42 என்ற அந்த எண்ணே அதற்கு அட்டவணையில் ஆசனம் தருவது. நியூட்ரான்களின் எண்ணிக்கையோ மாறுபடும். இயற்கையில் கிடைக்கும் மாலிப்டினத்தில் ஏழு வகை அணுக்கள் கலந்திருக்கின்றன. அவற்றின் நிறை எண்கள் 92, 94, 95, 96, 97, 98, 100. ஏழில் 100 மட்டும், மனிதக் கணக்குக்கு எட்டாத மெதுவில் சிதைகிறது. அதன் அரை ஆயுள், உலகத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல்! மற்ற ஆறும் நிலைத்தவை. எல்லாவற்றிலும் மிகுதியானது 98. எந்த மாலிப்டினத் துண்டை எடுத்தாலும், நூற்றுக்கு 24 அணுக்கள் இந்த வகை. 42 புரோட்டான், 56 நியூட்ரான்; கதிர் வீசாது, சிதையாது, மாறாது. அரூர்ப் பாறைக்குள்ளும் அதே நூற்றுக்கு 24தான். சிலி நாட்டுச் சுரங்கத்திலும் அவ்வளவுதான்.

எடை வேறு, ஆசனம் ஒன்று! 92 இளைத்தவன் என்று அட்டவணை அவனை வாசலில் நிறுத்துவதில்லை. 100 பருத்தவன் என்று தனிப் பந்தி போடுவதில்லை. இயற்கை நமக்குச் சமூகநீதி போதிக்கவென்று அணுவைப் படைக்கவில்லை என்பதை அறிவோம். ஆனால் பிறப்பால் உயர்வு தாழ்வு இயற்கையின் விதி என்று இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கிறோம்: எந்த இயற்கையின் எந்த ஏட்டில் அந்த விதி எழுதியிருக்கிறது?

பிறப்பைப் பார்க்கும் பித்து நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மாலிப்டினத்தின் வரலாற்றிலேயே அது குறுக்கிட்டது. தனிம அட்டவணையில் 42க்கு அடுத்த 43ஆம் ஆசனம் நெடுங்காலம் காலியாக இருந்தது. மெண்டலீப் அந்த இடத்தைக் காலியாக விட்டு, வருவான் ஒருவன் என்று எழுதி வைத்தார். மண்ணைத் தோண்டியும் மலையைக் குடைந்தும் தேடினார்கள். உறுதியாக எவரும் காட்டவில்லை. 1937இல் இத்தாலியின் சிசிலித் தீவில், பாலெர்மோ பல்கலைக்கழகத்தில், எமிலியோ செக்ரே என்ற இளம் இயற்பியலருக்கு அமெரிக்காவின் பெர்க்லியிலிருந்து ஒரு கடிதவுறை வந்தது. லாரன்ஸ் என்ற விஞ்ஞானி அனுப்பியது. உள்ளே இருந்தது மாலிப்டினத் தகடு ஒன்று. அணுத்துகள்களைச் சுழற்றி வீசும் சைக்ளோட்ரான் பொறியின் உறுப்பாக இருந்து, துகள்களின் அடியை வாங்கி, கழித்துப் போட்ட தகடு! செக்ரேயும் கனிமவியலர் பெரியரும் அந்தக் கழிவை ஆராய்ந்தார்கள். அடிபட்ட மாலிப்டின அணுக்களில் சில, ஒரு புரோட்டான் கூடி, 43ஆம் தனிமமாகிவிட்டிருந்தன. மனிதன் செயற்கையாக உண்டாக்கிக் கண்டறிந்த முதல் தனிமம் அது. 1947இல் அதற்கு டெக்னீசியம் என்று பெயரிட்டார்கள். செயற்கையானது என்பது அதன் பொருள். படைப்புத் தொழில் ஒருவருக்கே உரியது என்று சொல்லி வந்தவர்கள் அதன் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தத் தனிமத்தைக் கண்ட செக்ரேக்கு என்ன பரிசு கிடைத்தது? 1938இல் அவர் பெர்க்லிக்கு ஆராய்ச்சிக்காகச் சென்றிருந்த வேளையில், முசோலினியின் ஆட்சி இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதர்கள் பல்கலைக்கழகங்களில் பணியாற்றக் கூடாது. செக்ரே யூதர். தனிம அட்டவணையில் ஒரு காலியிடத்தை நிரப்பியவருக்குத் தாய்நாட்டில் ஓர் இடம் இல்லை! திரும்ப வழியின்றி அமெரிக்காவில் தங்கினார். அங்கேயும் தேன் ஓடவில்லை. அவர் திரும்பிப் போக முடியாதவர் என்று அறிந்ததும், மாதம் 300 டாலராக இருந்த ஊதியத்தை லாரன்ஸ் 116 டாலராகக் குறைத்தார். பிறப்பைக் காரணம் காட்டித் துரத்துகிறவன் ஒருவன். துரத்தப்பட்டவன் என்று அறிந்து கூலியைக் குறைக்கிறவன் இன்னொருவன். பண்ணையாரிடம் வேலை செய்து பழகிய நமது மக்களுக்கு இந்த இரண்டாவது ஆளையும் நன்றாகத் தெரியும்.

அதே 1938இல், நாடிழந்த செக்ரே, சீபர்க் என்பவரோடு சேர்ந்து டெக்னீசியத்தின் ஒரு தனி வகையைக் கண்டார். டெக்னீசியம் 99எம் என்று அதைக் குறிப்பர். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 6 மணி நேரம். அதாவது காலையில் நூறு பங்கு இருந்தால், ஆறு மணி நேரத்தில் ஐம்பது பங்கு. அடுத்த ஆறு மணி நேரத்தில் இருபத்தைந்து. சிதையும்போது அது மெல்லிய காமாக் கதிரை வெளியிடுகிறது. உடலுக்குள் செலுத்தினால், போய்ச் சேரும் இடத்திலிருந்து அந்தக் கதிர் வெளியே வரும். காமா காமிரா அதைப் படமாக்கும். ஓரிரு நாளில் கதிரியக்கம் மறைந்துவிடும். எலும்பை நாடும் மருந்தோடு இணைத்தால் எலும்பைக் காட்டும். இதயத் தசையை நாடும் மருந்தோடு இணைத்தால் இதயத்தைக் காட்டும். கத்தி வைக்காமல் உள்ளே பார்க்கும் கண்!

ஆனால் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளை எங்கிருந்து எங்கே கொண்டு செல்வது? இங்கேதான் மாலிப்டினம் மீண்டும் வருகிறது. மாலிப்டினம் 99 என்ற கதிரியக்க வகையின் அரை ஆயுள் ஏறத்தாழ 66 மணி நேரம். அது சிதைந்து சிதைந்து டெக்னீசியம் 99எம்மை ஈன்றுகொண்டே இருக்கும். ஆகவே தாயை அனுப்பினால் போதும். பிள்ளை மருத்துவமனையில் பிறக்கும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக் கூடத்தில் டக்கர், மார்கரெட் கிரீன் ஆகியோர் இதற்கான கலத்தை உருவாக்கினார்கள். ஒரு குழாய்க்குள் தாய் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பு நீரை ஊற்றினால் பிள்ளை மட்டும் கரைந்து கீழே வரும். நாளுக்கு ஒரு முறை வடிக்கலாம். விஞ்ஞானிகள் அந்தக் கலத்துக்குச் செல்லமாக இட்ட பெயர் என்ன தெரியுமா? பசு! வடிப்பதற்குப் பெயர் கறத்தல்!

நமது நாட்டிலும் பசு உண்டு. அதன் உடலெங்கும் தேவர்கள் குடியிருப்பதாகச் சொல்லி, அதன் பெயரால் மனிதனை அடித்துக் கொல்லும் கூட்டமும் உண்டு. விஞ்ஞானியின் பசுவில் தேவர் எவரும் இல்லை. அது புல் தின்னாது, பூசை கேட்காது, கறந்த பால் யார் உடம்பில் செல்கிறது என்று சாதி பார்க்காது. உலகமெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று கோடி முறை அந்தப் பால் மனிதனின் நோயைத் தேடிச் செல்கிறது. எந்தப் பசு வணங்கத் தக்கது என்று நாம் கேட்கவில்லை. இரண்டையுமே வணங்க வேண்டாம் என்கிறோம். எது பயன்படுகிறது என்று மட்டும் பாருங்கள்.

இந்தத் தாயை – மாலிப்டினம் 99ஐ – உண்டாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அணு உலையில் யுரேனியத்தைப் பிளப்பது. பிளவில் விழும் பல துண்டுகளில் இதுவும் ஒன்று. தாராளமாகக் கிடைக்கும்; ஆனால் கதிரியக்கக் கழிவும் கூடவே குவியும். நெடுங்காலம் இதற்கு வெடிகுண்டுத் தரமான யுரேனியத்தையே உலகின் பெரிய உலைகள் பயன்படுத்தின. இரண்டாவது வழி, நாம் பேசிக்கொண்டிருக்கும் சாதுவான 98. மாலிப்டினத் தூளை உலைக்குள் வைத்தால், 98 ஒரு நியூட்ரானை வாங்கிக்கொள்கிறது, 99 ஆகிவிடுகிறது. அவ்வளவே! யுரேனியக் கழிவு இல்லை; குண்டுப் பொருள் தேவையில்லை. குறை என்னவென்றால், வைத்த தூளில் மிகச் சிறு பங்கே மாறுகிறது. மாறாத மாலிப்டினத்தின் பெருங்கூட்டத்திலிருந்து டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கத் தனித் திறமை வேண்டும்.

அந்தத் திறமையை நமது நாட்டு விஞ்ஞானிகள் வளர்த்துக்கொண்டார்கள். மும்பையை அடுத்த டிராம்பேயில் 1956இல் அப்சரா உலையும், 1960இல் சைரஸ் உலையும், 1985இல் துருவா உலையும் இயங்கத் தொடங்கின. இந்த வரிசையில் வந்த துருவா போன்ற உலைகளில் இயற்கை மாலிப்டினத்தையே வைத்து, அதிலுள்ள 98ஐ 99 ஆக்கி, கரைப்பான் கொண்டு டெக்னீசியத்தைப் பிரிக்கும் முறையும், சிர்க்கோனியத்தோடு சேர்த்துக் கூழாக்கிக் கறக்கும் முறையும் இங்கே கையாளப்பட்டன. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதுபட்டு நின்றது. 2010இல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. உலகின் மருத்துவமனைகள் டெக்னீசியத்துக்குத் தவித்தன. பணக்கார நாடுகளின் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். விலை கொடுத்தால் எல்லாம் வரும் என்று அயலானை நம்பியிருப்பதன் ஆபத்தை அந்த ஓராண்டு உலகுக்கு உணர்த்தியது.

98இன் பணி மருத்துவத்தோடு முடியவில்லை. அது வரலாற்றாசிரியனும்கூட! எழுத்து பிறக்காத காலத்தின் வரலாற்றை எழுதுகிறது. காற்றில் உயிர்வளி இருந்தால், பாறையிலுள்ள மாலிப்டினம் கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போகும். உயிர்வளி நிறைந்த கடலடியில் படியும் மாங்கனீசுப் படிவு, எடை குறைந்த வகைகளைச் சற்று அதிகமாகப் பற்றிக்கொள்ளும். 98 போன்ற எடை மிகுந்தவை கடல்நீரில் சற்றுக் கூடுதலாக மிஞ்சும். அந்த நீரின் விகிதம் உயிர்வளியற்ற கடலடிச் சேற்றில் பதிவாகிப் பாறையாக இறுகிவிடும். ஆகவே பழைய களிக்கற்பாறையில் 98க்கும் 95க்கும் உள்ள விகிதத்தை அளந்தால், அந்தக் கடலில் எவ்வளவு உயிர்வளி இருந்தது என்று கணக்கிடலாம். ஆயிரத்தில் ஒரு பங்கினும் நுண்ணிய வேறுபாட்டை அளக்கும் கருவிகள் வந்த பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்த ஆராய்ச்சி தழைத்தது. காற்றில் உயிர்வளி நிலைத்து நின்றது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு முன்னரே, 250 கோடி ஆண்டுப் பழமையான மேற்கு ஆஸ்திரேலியப் பாறையொன்றில் மாலிப்டினம் கூடியிருந்ததை 2007இல் வெளியிட்டார்கள். உலகம் விட்ட முதல் மூச்சின் சுவடு அது என்றார்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையின் பழம்பாறைகளின் வயதும் ஏறத்தாழ அந்த 250 கோடி ஆண்டுகளே. நமது கால்களுக்குக் கீழே கிடப்பது, உலகம் மூச்சுவிடப் பழகிய காலத்துக் கல்! கோடிக்கணக்கான ஆண்டுகளை எங்கள் புராணமும் சொல்லியிருக்கிறதே என்று இங்கே ஒரு குரல் எழும். எழட்டும். எண்ணைச் சொல்வது எளிது; எப்படி அளந்தாய் என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம். விடை சொல்ல முடிந்தால் விஞ்ஞானம். கேட்பதே பாவம் என்றால் புராணம்.

இன்னும் அருகே வருவோம். அரூர்ப் பக்கத்து மானாவாரி நிலத்தில் கொள்ளும் நிலக்கடலையும் துவரையும் விளைகின்றன. இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதியின் நெஞ்சில் இருப்பது மாலிப்டினம். 1930இல் போர்டெல்ஸ் என்ற ஜெர்மானியர், மண்ணின் நுண்ணுயிர் நைட்ரஜனைப் பிடிக்க இந்த உலோகம் வேண்டும் என்று காட்டினார். அந்தப் பருப்பை உண்ணும் மனிதனுக்கும் துளியினும் துளியாக இது தேவை. எவ்வளவு தேவை? 1990களில் அமெரிக்காவில் டர்ன்லண்டு என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர், மாலிப்டினத்தின் 100, 97 ஆகிய வகைகளை உணவிலும் ஊசியிலும் தந்து, உடல் எவ்வளவு ஏற்கிறது, எவ்வளவு கழிக்கிறது என்று அளந்தார்கள். கதிர் வீசாத அணு, ஆகவே உடலுக்குத் தீங்கில்லை. எடை வேறு, ஆகவே அடையாளம் தவறாது. அதன் அடிப்படையில் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 45 மைக்ரோகிராம் போதும் என்று 2001இல் அங்கே வரையறுத்தார்கள். கொள்ளு தின்றால் வலிமை என்று பாட்டி சொன்னது சரியா என்று கேட்பவனுக்கு, ஏன் என்றும் எவ்வளவு என்றும் சொல்ல விஞ்ஞானம் இருக்கிறது.

இப்போது நமது ஊர்ப் பாறைக்குத் திரும்புவோம். தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. மாவட்ட எல்லை பாறைக்குத் தெரியாது. அரூரும் ஊத்தங்கரையும் இரு மாவட்டங்களில் இருந்தாலும் மாலிப்டினப் பட்டை ஒன்றுதான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டுப் பார்த்து அதை உறுதி செய்தார்கள். 2023இல் நடுவண் அரசு, நாட்டுக்கு இன்றியமையாதவை என்று முப்பது கனிமங்களைப் பட்டியலிட்டது. மாலிப்டினமும் அதில் ஒன்று. அதே ஆண்டு கனிமச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய கனிமங்களில் இருபத்துநான்கை ஏலம் விடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. வருமானம் மாநிலத்துக்கு, முடிவு டில்லிக்கு! நவம்பர் மாத இறுதியில் வந்த முதல் ஏல அறிவிப்பில் வேலம்பட்டி, மருதிப்பட்டி, நொச்சிப்பட்டி என்று நமது சிற்றூர்ப் பெயர்கள் அச்சாகியிருந்தன. அந்த ஊர்களின் மக்களில் எத்தனை பேருக்கு, தங்கள் காலடியில் கிடப்பது இன்னதென்று அதற்கு முன் யாரேனும் சொல்லியிருந்தார்கள்?

இங்கே நாம் ஒன்றில் விழிப்பாக இருக்க வேண்டும், தோழர்களே! நோயறியும் மருந்தின் மூலம் நமது மண்ணில் இருக்கிறது. ஆகவே உடனே தோண்டுங்கள் என்று ஒருவர் சொன்னால், அது புதிய புராணம். மருத்துவத்துக்கு வேண்டிய மாலிப்டினம் சிறிதே. உலோகத்தின் பெரும்பகுதி எஃகை உறுதிப்படுத்தவே செல்கிறது. தோண்ட வருகிறவன் எஃகுக்காக வருகிறான், நோயாளிக்காக அல்ல. எஃகும் வேண்டியதே, தொழிலும் வேண்டியதே, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காரணத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். நமக்குப் பிடித்த பொய் என்பதற்காக ஒரு பொய்யை விட்டுவைப்பது பகுத்தறிவு ஆகாது. அதுபோலவே, தோண்டினால் மலைத்தெய்வம் சினந்துகொள்ளும் என்று எதிர்ப்பதும் நமது வழியல்ல. நிலத்தடி நீர் என்னாகும்? கழிவுத் தூள் எங்கே கொட்டப்படும்? நிலம் கொடுத்தவனுக்கு என்ன ஈடு? வேலை யாருக்கு – கூலி வேலையா, பொறியாளர் வேலையா? இவைதான் கேள்விகள். இவற்றுக்கு எண்ணால் விடை வேண்டும். எழுத்தால் விடை வேண்டும்.

அந்தக் கேள்விகளைக் கேட்க, கல்லைப் படித்தவன் ஊரில் இருக்க வேண்டும். அதுதான் இந்த வரலாறு முழுதும் சொல்லும் செய்தி. பட்டமில்லாத மருந்துக் கடைக்காரன் ஈயத்தின் பெயரை அழித்தான். கல்லூரியில் இடம் பெறவே போராடிய இனத்தைச் சேர்ந்த பெண் அணுவுக்குப் பெயர் தந்தார். பிறந்த நாடு துரத்திய யூதர், உலகத்துக்கு நோயறியும் கண்ணைத் தந்தார். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வந்தபோதெல்லாம் அறிவு ஓர் அடி முன்னேறியது. எனில், நூற்றாண்டுக் கணக்கில் வாசலிலேயே நிறுத்தப்பட்ட நமது மக்களில் எத்தனை ஷீலேக்கள் கல்லுடைத்தே மாண்டார்கள்? எத்தனை டாட்கள் அடுப்படியில் கரிந்தார்கள்? அந்த இழப்பை அளக்கும் கருவி இன்னும் பிறக்கவில்லை.

மனித அறிவு இன்னும் என்னென்ன செய்யும் என்று 1940களிலேயே ‘இனிவரும் உலகம்’ எழுதிக் காட்டினார் பெரியார். அவர் வருவதைச் சொன்னது சோதிடத்தால் அல்ல. அறிவு போகும் திசையைப் பார்த்து. அந்தத் திசையில் நடக்க வேண்டியவர்கள் அரூர் அரசுப் பள்ளியிலும் பாப்பிரெட்டிப்பட்டி அரசுப் பள்ளியிலும் இன்று தனிம அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் மாணவர்களும் மாணவிகளும்தான். 42ஆம் கட்டத்தில் அவர்கள் காணும் இரண்டு எழுத்து வெறும் தேர்வுக் கேள்வியன்று. அவர்கள் ஊர்ப் பாறை அது. அந்தக் கட்டத்தில் ஏழு பேர் எடை பார்க்காமல் சமமாக அமர்ந்திருக்கிறார்கள். அப்படி அமரும் உரிமை தங்களுக்கும் உண்டு என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? ஆசிரியர் சொல்லட்டும், படிப்பகங்கள் சொல்லட்டும், நாமும் சொல்வோம். ஏலத்துக்கு வரும் கல்லை அயலூரான் அளந்து சொல்லும் நாள் போய், நமது பிள்ளை அளந்து, இது இவ்வளவு, இதனால் இன்ன பயன், இதனால் இன்ன தீங்கு என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லும் நாள் வரட்டும். அன்று தருமபுரிக் கல் பேசும். அதன் மொழி நமக்கும் விளங்கும்.